தன்வரலாறும் அரசியலும்

தம் வாழ்வைத் தாமே எழுதுபவர் எதைச் சொல்வது, எதை விடுப்பது, எப்பெயரால் தம்மைச் சுட்டுவது எனத் தேர்ந்தே எழுதுகிறார். அத்தேர்வுகளில் தன்வரலாற்றின் அரசியல் வெளிப்படுகிறது. இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' இதற்குத் தக்க சான்றாகும்.

இது ஒரு சிறுநூல். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' போன்று ஊரும் உறவும் ஆசிரியரும் நிறைந்த விரிவை இதில் காண இயலாது. குடும்பச் செய்திகள் சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. ஆயினும், கோயம்புத்தூரில் தாம் பயின்ற நாள்களைக் கூறுமிடத்தில் நூலாசிரியர் சற்றே நின்று பேசுகிறார். உடன்பயின்றோர் தம் சாதியை அறிந்தால் இழிவாக நடத்துவர் என அஞ்சி, பள்ளிக்கு வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் செல்வார். வகுப்பு முடிந்ததும் எவரும் தம்மை எட்டாதவாறு விரைந்து வீடு சேர்வார். பிறரோடு கூடி விளையாட இயலாமையே அவரைப் பெரிதும் வருத்தியது.

தம் அடையாளத்தை மறைத்து வாழ நேர்ந்த அச்சிறுவரே 1893இல் ஓர் இதழைத் தொடங்கி, அதற்குப் 'பறையன்' எனப் பெயரிட்டார். எப்பெயரைச் சொல்ல அஞ்சினாரோ அப்பெயரே இதழின் முகப்பில் அச்சேறியது. பள்ளி நிகழ்வை அறியாதவர்க்கு இது வெறும் இதழ்ப்பெயர். அறிந்தவர்க்கோ இதன் பின்னுள்ள துணிவு விளங்கும். தனியொருவரின் நினைவு பொதுவாழ்வின் வரலாற்றுக்கு விளக்கமாகும் இடம் இது.

இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்கு அம்பேத்கருடன் சென்றிருந்தபோது அரசர் ஐந்தாம் ஜார்ஜுக்குத் தீண்டாமையை விளக்கியதையும், அவர் தம் கையைப் பற்றிக் குலுக்கியதையும் நூலாசிரியர் பதிவு செய்கிறார். இதனைத் தற்பெருமை எனக் கொள்ளத் தோன்றலாம். தம்மை எவரும் நெருங்காதவாறு ஓடிய மாணவரை நினைவிற்கொண்டால், அக்கைகுலுக்கலை அவர் எழுதியதன் காரணம் புலனாகும். எனினும், அரசரின் பரிவை நூல் கூறியவாறே ஏற்காமல், அக்காலச் சட்டமன்றக் குறிப்புகளோடும் அரசாணைகளோடும் ஒப்பிட்டுப் படித்தல் வேண்டும்.

நூலின் நடை விண்ணப்பம் எழுதுவது போன்ற சுருக்க நடை. ஆட்சியாளர்க்கு முறையீடு செய்தே பழகிய தலைமுறையின் மொழி அது. அரை நூற்றாண்டிற்குப் பின் 'கருக்கு' (1992) எழுதிய பாமா, தம் ஊர் மக்களின் பேச்சுத் தமிழையே கையாண்டார்.