எத்திரோவும் ரெகொபெயாமும்: விவிலியம் காட்டும் அறிவுரை ஏற்றல்

வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலின் அரசியலில் வைத்துள்ளார். அறிவுரை கேட்டல் தனிமனிதப் பண்பு மட்டுமன்று, ஆள்வோர்க்கு இன்றியமையாத கடமையும் ஆகும் என்பது அவர் உள்ளக்கிடக்கை போலும். கிறித்தவர்தம் மறையாகிய விவிலியத்தைப் பயில்வார்க்கும் இவ்வெண்ணமே தோன்றும். நீதிமொழிகள் என்னும் நூல் ஆலோசனையின் சிறப்பைப் பலவிடத்துப் பேசுகின்றது. எனினும், அந்நூலின் மொழிகளைக் காட்டிலும் மாந்தர் வரலாறுகளே நம் நெஞ்சில் ஆழப் பதிகின்றன.

நாம் மூசா நபி என வழங்கும் மோசே, பாலைவெளியில் காலைமுதல் மாலைவரை தனியொருவராய் அமர்ந்து மக்களின் வழக்குகளைத் தீர்த்து வந்தார். அவரைக் காண வந்த மாமனார் எத்திரோ, 'நீர் செய்வது நன்றன்று. நீரும் தளர்வீர், மக்களும் தளர்வர்' என்னும் கருத்துப்பட இடித்துரைத்தார். ஆயிரவர்க்கும் நூற்றுவர்க்கும் ஐம்பதின்மர்க்கும் பதின்மர்க்கும் தலைவரை அமர்த்தி, அரிய வழக்குகளை மட்டும் தாம் கேட்குமாறு கூறினார். எத்திரோ மீதியான் நாட்டுக் குரு. இசுரவேல் குலத்தவர் அல்லர். இறைவனோடு உரையாடியவர் எனப் போற்றப்படும் ஒருவர், அயற்குலத்து முதியவரின் சொல்லை அவ்வாறே ஏற்றார் என்பது எண்ணுந்தோறும் வியப்பளிக்கின்றது. இறைவனும் அவ்வாறு கட்டளையிட்டால் செய்க என்று எத்திரோ சேர்த்துச் சொன்னதும் நோக்கத்தக்கது. மனிதர் அறிவுரையை இறைவன் திருவுளத்தோடு ஒப்பிட்டுத் தேர்தல் வேண்டும் என்னும் கிறித்தவக் கொள்கைக்கு இஃது இயைந்தது.

இதற்கு நேர்மாறானது ரெகொபெயாமின் வரலாறு. சாலொமோன் மறைந்தபின் சீகேமில் கூடிய மக்கள், தந்தை சுமத்திய நுகத்தை இலகுவாக்குமாறு மைந்தனை வேண்டினர். அவன் மூன்று நாள் தவணை கேட்டான். இதுவரை குறையில்லை. தந்தையின் அவையிலிருந்த முதியோர், 'இன்று நீர் இம்மக்களுக்குப் பணிந்தால் என்றும் அவர்கள் உமக்குப் பணிவர்' என்றனர். அவன் அதனைத் தள்ளித் தன்னோடு வளர்ந்த இளைஞரை நாடினான். தந்தை சாட்டையால் அடித்தார், நான் தேள்களால் தண்டிப்பேன் எனச் சொல்லுமாறு அவர்கள் தூண்டினர். பத்துக் குலங்கள் பிரிந்தன. கட்டாய வேலைக்கு அதிகாரியான அதோராம் கல்லால் எறியுண்டு மாண்டான். மன்னன் தேரேறி எருசலேமுக்கு ஓடினான்.

'இளைஞர்' என்னும் சொல் நம்மை ஏமாற்றிவிடக் கூடாது. அரசேறியபோது ரெகொபெயாமுக்கு 41 வயது என்று அதே நூல் கூறுகின்றது. உடன்வளர்ந்தாரும் ஏறத்தாழ அவ்வயதினரே. குறை அகவையில் இல்லை. எபிரேய மூலத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. முதியோரிடம் கேட்கையில் தன்னை அவர்களோடு சேர்க்காமல் வினவும் மன்னன், தோழரிடம் கேட்கையில் 'நாம் என்ன மறுமொழி கூறலாம்' எனத் தன்மைப் பன்மையில் பேசுகின்றான். நம் இலக்கணம் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று கூறுவதை இங்கு நினைக்கலாம். வாய்திறக்குமுன்பே அவன் எந்தப் பக்கம் சாய்ந்துவிட்டான் என்பதை ஒரு சொல்வடிவம் காட்டிவிடுகின்றது! அவன் நாடியது அறிவுரையன்று, இசைவே.

இவனைப் பழிக்கும் தகுதி எனக்கு உண்டா என்பது ஐயமே. ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு ஆய்வேடு எழுதிய காலத்தில், ஓர் இயலை முற்றும் மாற்றுமாறு மூத்த பேராசிரியர் ஒருவர் அறிவுறுத்தினார். நான் வருந்தி, என் கருத்தையே கொண்ட நண்பரிடம் சென்று காட்டினேன். அவர் பாராட்டினார், இயல் மாறவில்லை. வாய்மொழித் தேர்வில் அவ்வியலைப் பற்றியே வினாக்கள் எழுந்தன. மூன்று திங்கள் கழித்து நான் அதனைத் திருத்தியெழுத நேர்ந்தது.

புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் திருமுகம், விண்ணிலிருந்து வரும் ஞானத்தின் இயல்புகளுள் ஒன்றாக இணங்கும் தன்மையைக் கூறுகின்றது. அதற்குச் சான்றாக அப்பொல்லோவைச் சுட்டலாம். அவர் அலெக்சாந்திரியா நகரத்தார். சொல்வன்மையும் மறைநூற் புலமையும் மிக்கவர். எபேசுவின் தொழுகைக் கூடத்தில் அவர் துணிந்து பேசியபோது, ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்னும் தம்பதியர் கேட்டிருந்தனர். கூடாரம் செய்து பிழைப்பவர்கள் அவர்கள். அவருடைய போதனையில் குறையிருப்பதை உணர்ந்தும் அவையில் எழுந்து மறுக்கவில்லை. தம்மிடம் அழைத்துக்கொண்டு, இறைநெறியை இன்னும் திருத்தமாக விளக்கினர். அறிவுரை கூறுவார்க்கும் ஒரு நாகரிகம் உண்டன்றோ? புலவரும் செவிசாய்த்தார். பின்னர் அவர் அகாயா நாட்டிற்குப் புறப்பட்டபோது, அவரை ஏற்றுக்கொள்ளுமாறு எபேசுவின் சகோதரர்களே மடல் எழுதிக் கொடுத்தனுப்பினர்.