வெட்கம் வேறு, சமூகப் பதகளிப்பு வேறு

எங்கள் கல்லூரியில் காலைக் கூட்டத்தை வாரத்துக்கு ஒரு வகுப்பு பொறுப்பேற்று நடத்தும். தரம் 10 மாணவி ஒருத்தி, தன் வகுப்பின் முறை வரும் வாரங்களில் மட்டும் பாடசாலைக்கு வருவதில்லை. இடாப்பைப் புரட்டியபோதுதான் எனக்கு அது பிடிபட்டது. ஒரு தடவை வயிற்றுவலி, ஒரு தடவை தலைச்சுற்று, ஒரு தடவை உறவினர் வீட்டில் மௌத்து. உம்மாவை அழைத்துக் கேட்டேன்.

"எங்கட மகள் அடக்கமான புள்ள டீச்சர். வீட்டுக்கு ஆள் வந்தா அறைய விட்டு வெளிய வரமாட்டா. மத்தப் புள்ளைகள் மாதிரி வாயாடித் திரியிறது இல்ல" என்றார். குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னார்.

பிள்ளை என்னிடம் சொன்னது வேறு. பெயர் கூப்பிடப்படும் என்று தெரிந்த நாளில் முதல் நாள் இரவே தூக்கம் போய்விடுகிறது. எழுந்து நின்றால் காது சுடுகிறது, வாய் உலர்கிறது, கையில் உள்ள தாளிலிருக்கும் எழுத்தே மங்குகிறது. முடிந்த பிறகும் விடுவதில்லை. யார் சிரித்தார்கள், எந்தச் சொல்லில் குரல் நடுங்கியது என்று படுக்கையில் கிடந்து திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறாள். (அவளிடமும் உம்மாவிடமும் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.)

இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது: சமூகப் பதகளிப்புக் கோளாறு. மற்றவர்கள் நம்மைக் கவனிக்கும், எடைபோடும் இடங்களில் மட்டுமீறிய பயம் எழுவதும், அந்த இடங்களை எப்படியாவது தவிர்ப்பதும், அது 6 மாதம் அல்லது அதற்கு மேல் நீடித்துப் படிப்பையோ வேலையையோ உறவுகளையோ கெடுப்பதும்தான் இதன் அடையாளம். அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் 1980இல்தான் இது தனி நோயாக இடம்பெற்றது. அப்போது அதன் பெயர் சமூக அச்சம். பெரும்பாலும் 8 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. அதாவது, சரியாக எங்கள் கைகளில் பிள்ளைகள் இருக்கும் வயதில்.

நம் சமூகத்தில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். ஹயா என்னும் நாணம் ஈமானின் ஒரு பகுதி என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். ஆனால் நாணமுள்ள பெண் தகாததைச் செய்யத்தான் கூச்சப்படுவாள். சந்தேகம் கேட்க, பஸ்ஸில் மிச்சக் காசு வாங்க, வைத்தியரிடம் வலி எங்கே என்று சொல்லப் பயப்படுவதற்கும் ஹயாவுக்கும் சம்பந்தமில்லை. தன் வீட்டில் யாருமில்லாத நேரத்தில் தாராளமாகச் சிரித்துப் பாடும் பிள்ளை, வெளியே போனால் உறைந்து போகிறாள் என்றால் அது அடக்கம் அல்ல. உள்ளே அவள் படும் பாடு வெளியே அடக்கம் மாதிரித் தெரிகிறது, அவ்வளவுதான். துடுக்கான பிள்ளைக்கு உடனே ஆலோசனை கிடைக்கிறது. அமைதியான பிள்ளைக்குப் பாராட்டுக் கிடைக்கிறது. அந்தப் பாராட்டே அவளைப் பூட்டிவைக்கிறது.

பிள்ளைகளுக்கு நான் ஓர் உதாரணம் சொல்வதுண்டு. 1927 நவம்பரில் கதர் நிதிக்காக இலங்கை முழுவதும் சுற்றிய காந்தி, பதுளைக்கும் வந்து கூட்டத்தில் பேசினார். அந்தப் பேச்சாளரின் இளமைக்காலத்தை அவரே 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். லண்டனில் சைவ உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தபோது வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு கூட்டத்துக்குத் தாளில் எழுதிக்கொண்டு போயும் கண் மங்கி உடல் நடுங்கியது. இன்னொருவர் வாங்கி வாசித்தார். பாரிஸ்டராகி 1891இல் நாடு திரும்பிய பிறகு, பம்பாயில் 30 ரூபாய் கட்டணத்துக்கு எடுத்த முதல் வழக்கில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை. வழக்கை வேறு வக்கீலிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு வெளியேறினார். அவருக்கு எந்த வைத்தியரும் நோய்ப் பெயர் வைக்கவில்லை, நானும் வைக்கப் போவதில்லை. என் கவனம் அடுத்து நடந்ததில் இருக்கிறது. 1893இல் தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியாவில், ஹாஜி முகம்மது ஹாஜி ஜூசப் என்பவரின் வீட்டில், பெரும்பாலும் மேமன் முஸ்லிம் வியாபாரிகள் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் பேசினார். அதையே தன் வாழ்வின் முதல் பொதுப்பேச்சு என்கிறார். சிறிய கூட்டம், ஒருவரின் வீடு, முன்கூட்டித் தயாரித்த விடயம். தன் குரல் எப்படி இருக்கிறது என்பதல்ல, அங்குள்ள இந்தியர் படும் கஷ்டம்தான் மனதில் இருந்தது. பின்னர் அந்தக் கூட்டங்கள் அடிக்கடி நடந்தன. இன்றைய உளச்சிகிச்சை செய்வது கிட்டத்தட்ட இதைத்தான்.

ஏன் வருகிறது? ஒரே காரணம் இல்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் சாத்தியம் சற்று அதிகம். சில குழந்தைகள் பிறவியிலேயே புது முகம் கண்டால் ஒதுங்கும் சுபாவம் உள்ளவர்கள். இவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை, ஆனால் வருவோரில் இவர்கள் கூடுதல். மூளையில் ஆபத்தை அறிந்து மணியடிக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி இவர்களில் முகங்களைப் பார்த்தே மணியடித்துவிடுகிறது. இதன்மேல் கேலியும் அவமானமும் விழுந்தால் பயம் வேர்பிடிக்கிறது. என்னையே சொல்கிறேன். சிறுவயதில் ஓர் ஆசிரியர் என் சிங்கள உச்சரிப்பை வகுப்பு முழுவதும் திருப்பிச் சொல்லிச் சிரிக்கவைத்தார். முப்பது வயது வரை நான் சிங்களத்தில் தொலைபேசி எடுத்ததில்லை. மணி அடித்தால் கணவரிடம் நீட்டிவிடுவேன்.

என் முதல் நியமனம் பசறைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலை. லயத்திலிருந்து வரும் பிள்ளைகள் ஆற்றங்கரையில் எவ்வளவு சத்தம் போடுவார்கள்! அதே பிள்ளைகள் நகரத்துப் பாடசாலைக்குப் போட்டிக்கு வந்தால் தலை நிமிராது. அவர்கள் பேச்சைக் கேட்டு நகரத்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்ததை நான் கண்டிருக்கிறேன். நம் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். பெரிய துரைக்கு முன் குனிந்து நின்ற தலைமுறை அவர்களுடையது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப் பத்திரங்களோடு கந்தோர் கந்தோராக அலைந்தவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்களுடைய தயக்கத்தை எல்லாம் நோய் என்று சொல்லிவிட முடியாது. கவுண்டரில் இருப்பவர் தமிழில் பதில் சொன்னால் பாதிப் பயம் போய்விடும். மாறவேண்டியது அந்தப் பிள்ளை மட்டுமா என்று நாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எப்படித் தொடங்கினாலும், பயத்தைத் தக்கவைப்பது தவிர்ப்புத்தான். கூட்டத்துக்குப் போகாத நாளில் நெஞ்சு லேசாகிறது. போகாததால்தான் தப்பினேன் என்று மனம் கற்றுக்கொள்கிறது. போனாலும் சிறு தந்திரங்கள் உண்டு: தாளால் முகத்தை மறைப்பது, வேகமாக வாசித்து முடிப்பது, யார் கண்ணையும் பாராதிருப்பது. இவற்றால் குரல் இன்னும் அடைக்கிறது. எல்லாவற்றிலும் மோசமானது, கவனம் முழுவதும் தன்மேலேயே திரும்பிவிடுவது. கேட்பவர்களின் முகத்தைப் பார்க்காமல், தன் நடுக்கத்தை வைத்தே தான் எப்படித் தெரிகிறோம் என்று முடிவுகட்டுகிறாள். அமெரிக்காவில் 2000இல் வெளியான ஓர் ஆய்வில் மாணவர்களைச் சங்கடப்படுத்தும் படம் போட்ட சட்டை அணிந்து மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப்பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப்பேர்தான்.

சிகிச்சையில் முதலிடம் அறிகை நடத்தைச் சிகிச்சைக்கு. ஏறத்தாழ 4 மாதங்கள், வாரம் ஒரு அமர்வு. அங்கே, "எல்லோரும் சிரிப்பார்கள்" என்ற நினைப்பை நம்பச் சொல்வதில்லை, நம்பாதே என்று கண்டிப்பதுமில்லை. சோதித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். தந்திரங்களை விட்டுவிட்டு ஒரு தடவை, அவற்றோடு ஒரு தடவை பேசவைத்து, வீடியோவில் காட்டுகிறார்கள். தன் நடுக்கம் திரையில் அவ்வளவாகத் தெரியவில்லை என்று கண்டு பலர் ஆச்சரியப்படுகிறார்கள். பின் பயப்படும் இடங்களை ஏணிப்படியாக எழுதி, கீழ்ப்படியிலிருந்து ஏறவேண்டும். ஒரு படியில் பயம் தணியும் வரை அங்கேயே திரும்பத் திரும்ப நிற்கவேண்டும்.

தேவைப்பட்டால் வைத்தியர் செர்ட்ரலின், எசிட்டலோபிராம் போன்ற குளிசைகளைத் தருவார். இவை வேலைசெய்யச் சில வாரங்கள் எடுக்கும், நினைத்தபடி நிறுத்தக்கூடாது. பிள்ளைகளுக்கு நிபுணரின் கண்காணிப்பில் மட்டுமே. மேடைக்கு முன் படபடப்பைக் குறைக்கப் பிரொப்பிரனலோல் பற்றிச் சிலர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். தொய்வு நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. நம் குளிர்ப் பிரதேசத்தில் அந்த நோய் உள்ள பிள்ளைகள் எத்தனை பேர் என்பது உம்மாமாருக்குத் தெரியும்.

ஓதிப் பார்ப்பதை நான் தடுப்பதில்லை. ஆனால் நபி மூஸா (அலை) அவர்கள் பிர்அவ்னிடம் அனுப்பப்பட்டபோது, நெஞ்சு விரியவும் நாவின் முடிச்சு அவிழவும் துஆ கேட்டதோடு, சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகத் தருமாறும் கேட்டார்கள் என்பதைப் பெற்றோருக்கு நினைவூட்டுவேன். பதுளைப் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, அரசாங்கத்தில் இதற்குப் பணம் இல்லை. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குத் தமிழிலும் பேசலாம். தொலைபேசிக்கே பயப்படுபவருக்கு இலக்கம் கொடுப்பது வேடிக்கைதான். முதல் தடவை உம்மாவோ டீச்சரோ பேசட்டும்.

அந்த மாணவியின் ஏணியை வைத்தியரோடு சேர்ந்து எழுதினோம். முதற்படி, கடையில் வாப்பாவுக்குப் பதிலாக ஒரு வாடிக்கையாளரிடம் விலை சொல்வது. ஐந்தாம்படி, பதுளை பஸ் நிலையத்தில் கொண்டக்டரிடம் மிச்சக் காசு கேட்பது. அந்தப் படியில் மூன்று வாரம் நின்றாள். இரண்டு தடவை கேட்காமலே இறங்கிவிட்டாள். மூன்றாவது தடவை கேட்டாள், அவர் காதில் விழவில்லை. மறுபடி கேட்டாள். கூட்டத்தில் வாசிப்பது பதினோராம்படி. அதற்கு இன்னும் வரவில்லை. ஆனால் போன மாதம் அவள் வகுப்பின் முறை வந்த வாரத்தில், ஐந்து நாளும் இடாப்பில் வரவு இருக்கிறது. கடைசி வரிசையில் நின்றிருந்தாள்.