ஓடுதேன்னு விட்ட வாட்ச்

தாத்தாவோட ஹெச்எம்டி ஜனதா பீரோவில் பல வருஷம் சும்மா கிடந்தது. போன வருஷம் எடுத்துச் சாவி கொடுத்தேன், உடனே ஓடியது. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு நிமிஷம் ஸ்லோ, அவ்வளவுதான். ஓடுதே, சர்வீஸ் எதுக்கு என்று எட்டு மாசம் கட்டிக்கொண்டு காலேஜுக்கு வந்தேன். நின்ற பிறகுதான் கடைக்குப் போனேன். அண்ணன் லென்ஸைக் கண்ணில் மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓடாமலே கிடந்திருந்தா நல்லா இருந்திருக்கும் தம்பி. காஞ்சு ஓடினதுதான் தேச்சிருச்சு."

அவர் சொன்னது சரியான மெக்கானிக்கல் பாடம். இந்த வாட்ச் மணிக்கு 18,000 முறை துடிக்கும். ஒரு நாளைக்கு 4,32,000, வருஷத்துக்கு 15 கோடிக்கு மேல். ஒவ்வொரு சக்கரத்தின் இரு முனையிலும் பிவட் என்ற மெல்லிய எஃகு அச்சு. நாம படிச்ச ஜர்னல் பேரிங்கோட தம்பிதான். ஆனால் இங்கே ஆயில் பம்ப் கிடையாது, ஒரு துளி எண்ணெய் பரப்பு இழுவிசையால் மட்டும் அங்கே நிற்கிறது.

17 ஜூவல்ஸ் என்பது செயற்கை ரூபி கற்கள். வழக்கமான அமைப்பில் பேலன்ஸுக்கு 5, பேலட் ஃபோர்க்குக்கு 4, எஸ்கேப் வீலுக்கும் மற்ற மூன்று சக்கரங்களுக்கும் இரண்டிரண்டு. கணக்கு முடிந்தது. மெயின்ஸ்பிரிங் இருக்கும் பேரலுக்குக் கல்லே மிஞ்சவில்லை! விசை அதிகமான இடத்தில் வெறும் உலோகத் துளைதான்.

காய்ந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்தால் கிரைண்டிங் பேஸ்ட். இதில் ஒரு வேடிக்கை: துகள்கள் மெதுவான பித்தளையில் பதிந்துகொண்டு, கடினமான எஃகைத்தான் அறுக்கும். லேப்பிங் மாதிரியே. துளையும் நாளடைவில் நீள்வட்டமாகும், சக்கரம் சாயும், பற்கள் சரியாகச் சேராது. கடைசியில் பேலன்ஸுக்குப் போய்ச் சேரும் சக்தி குறையும். அது நடுவிலிருந்து ஒரு பக்கம் சுழலும் கோணத்தை ஆம்ப்ளிட்யூட் என்பார்கள். முழுச் சாவியில் 270 டிகிரி போல இருந்தால் நல்லது. அண்ணன் கழுவுவதற்கு முன்னால் ஓட்டிப் பார்த்ததில் என்னுடையது 170.

சர்வீஸ் என்றால் மேலே நாலு சொட்டு எண்ணெய் விடுவது இல்லை. முதலில் ஸ்பிரிங்கின் விசையை மெல்ல இறக்கணும். இறக்காமல் பேலட் ஃபோர்க்கைக் கழற்றினால் சக்கரங்கள் கண்டபடி சுற்றிப் பிவட்டே ஒடியும். பிறகு எல்லாவற்றையும் பிரித்து, கழுவி, ஒவ்வொரு துளையையும் கூர் சீவிய மரக்குச்சியால் துடைக்கணும். பேரலுக்குக் கெட்டி எண்ணெய், பேலன்ஸுக்கு மெல்லியது, பேலட் பிவட்டுக்கு எதுவுமே கூடாது.

பேரல் துளைக்குப் புஷ் அடித்தாகிவிட்டது. மூன்றாம் சக்கரத்துப் பிவட்டில் விழுந்த கோட்டைப் பாலிஷ் செய்ததில் அது மெலிந்துவிட்டது; இன்னொரு தடவை தாங்காது. இப்போது 240 டிகிரி. உதிரி பாகத்துக்கு ஒரு ஜனதா தேடுகிறேன். உங்க வீட்டுப் பீரோவில் இருந்தால் சொல்லுங்க, ஆனா சாவி மட்டும் கொடுத்துப் பார்க்காதீங்க.