புதிதாகச் சேர்ந்த டீச்சருக்குச் சில வார்த்தைகள்

60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. தொடக்கப் பள்ளியில் வகுப்புகளோ ஐந்து. ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தினால் பக்கத்து வகுப்பில் சத்தம் கிளம்பத்தான் செய்யும். அதை உங்கள் திறமைக் குறைவாக எண்ணிக் குமையாதீர்கள். ஈராசிரியர் பள்ளியில் நான் தாக்குப்பிடித்தது மனஉறுதியால் அல்ல, சின்னச் சின்ன ஏற்பாடுகளால்தான்.

தொண்டையைக் காப்பாற்றுங்கள். சத்தத்துக்கு மேல் சத்தம் போடாதீர்கள். நான் தாளத்தோடு கைதட்டுவேன். பிள்ளைகள் திருப்பித் தட்டிவிட்டு அடங்குவார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

உதவியைக் குறிப்பாகக் கேளுங்கள். “கிளாஸைச் சமாளிக்க முடியலைக்கா” என்றால், “போகப் போகப் பழகிடும்மா” என்றுதான் பதில் வரும். “302-லேருந்து 148-ஐக் கழிக்கச் சொன்னா, நடுவுல இருக்கற பூஜ்யத்துல நின்னுடறாங்கக்கா” என்று ஒருமுறை கேட்டேன். மூத்த ஆசிரியை ஈர்க்குச்சிக் கட்டுகளோடு வந்து உட்கார்ந்தார். நூறுக் கட்டு ஒன்றைப் பிரித்துப் பத்துப் பத்துக் கட்டுகளாக்கினார். அதில் ஒன்றைப் பிரித்து ஒன்றுகளோடு சேர்த்தார். பிள்ளைகளுக்கும் விளங்கியது, எனக்கும் ஒரு துணை கிடைத்தது. குறுவள மையக் கூட்டத்துக்கும் இப்படி ஒரு கேள்வியோடு போங்கள்.

முன்னேற்றத்தை எழுதி வையுங்கள். ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் அரும்பு நிலையிலுள்ள குழந்தை அடுத்த நிலையான மொட்டுக்கு வர நாளாகும். “இன்று ஒற்றெழுத்தை விடாமல் வாசித்தாள்” என்பது எந்தச் செயலியிலும் ஏறாது. உங்கள் நோட்டில் ஏறட்டும். சோர்ந்துபோன நாளில் புரட்டிப் பார்க்க உதவும்.

பெற்றோரிடம் முதலில் நல்ல செய்தி சொல்லுங்கள். “உங்க பொண்ணு நல்லாக் கதை சொல்றாம்மா” என்று ஒருமுறை சொல்லிவைத்தால், பிறகு வீட்டுப்பாடம் பற்றிப் பேசும்போது சண்டை வராது.

பதிவேட்டு வேலைக்கு எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். எமிஸ் வருகைப்பதிவைக் காலையிலேயே முடியுங்கள். இரவு வாட்ஸ்அப்பில் கேட்கும் விவரங்களில் எது அவசரம், எது காலையில் போதும் என்று தலைமை ஆசிரியரிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தூக்கம் கெட்டு, பள்ளிக்குக் கிளம்பவே பயமாக இருந்தால் உள்ளுக்குள் வைத்து மருகாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. காய்ச்சலுக்கு லீவு போடுவதைப் போல இதற்கும் போடலாம்.