தனியார் மரத்தோப்பும் தோட்டத்து ஊற்றும்

லிந்துலைச் சரிவுகளில் லீக்ஸ், உருளைக்கிழங்கு பயிரிடுவோர், காணிக்கு மேலுள்ள மரத்தோப்பை வெறும் விறகென எண்ணலாகாது. மழைநீரை மண்ணுள் இறக்கி ஊற்றைக் காப்பது அதுவே. இந்நீரே கொத்மலை ஓயா வழியாக மகாவலியிற் சேர்ந்து, தாழ்நிலத்து நெல்வயல்களுக்கும் செல்கிறது. 5,000 அடிக்கு மேற்பட்ட அரச காடுகளை விற்பது 1873இல் தடுக்கப்பட்டது. தனியார் தோப்புக்கோ உரிமையாளரே காவலர்.

விதிகளைக் கூறுவதோடு அலுவலரின் உதவி முடிந்துவிடாது. அவர் தோப்பிற்கே வந்து, உரிமையாளருடன் நடந்து, வெட்டத்தக்க மரங்களுக்குக் குறியிடல் வேண்டும். இவ்வுதவியைக் கேட்டுப் பெறுக. வியாபாரி முழுத்தோப்பிற்கும் ஒரே விலை பேசுவார். குறியிடுமுன் முன்பணம் வாங்கற்க. ஊற்றைச் சூழ்ந்த இயற்கை மரங்களைத் தொடவேண்டாம். அவ்விடத்தில் நீரை மிகுதியாக உறிஞ்சும் யூக்கலிப்டசை நடவும் வேண்டாம். பிறவிடத்து யூக்கலிப்டசைத் தாழ்வாக, சாய்வாக வெட்டின் அடிக்கட்டை துளிர்க்கும். திடமான இரு துளிர்களை மட்டும் விட்டு ஏனையவற்றை நீக்குக.