ஆடையில் எழுதிய வீரம்

இல்லறத்தார் ஒழுக்கத்தைப் பற்றி எழுதுவோர் உணவைப் பற்றி மிகுதியாகவும் உடையைப் பற்றிக் குறைவாகவும் எழுதுவது வழக்கம். நம் குடும்பங்களிலும் அவ்வாறே. பட்டு வேண்டா, தோல் வேண்டா என்ற அளவில் உடையாராய்ச்சி நின்றுவிடுகிறது. துணி எதனால் ஆனது என்று கேட்கிறோம். அதன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதில்லை. இப்பாடத்தில் அதனைச் சிறிது ஆராய்வோம்.

கடைவீதியில் இன்று நாம் காணும் ஆடைகள் சிலவற்றை எண்ணிப் பார்க்க. படைவீரர் உடைபோலப் பச்சையும் பழுப்பும் திட்டுத்திட்டாய்க் கலந்த காற்சட்டைகள். மண்டையோடும் துப்பாக்கியும் அச்சிட்ட டி-ஷர்ட்டுகள். ‘என்னோடு மோதாதே’, ‘நெருங்கினால் அழிவாய்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கும் இவற்றில் அளவு உண்டு. இவ்வாடை தன்னை அணிந்தவனைப் பற்றி என்ன கூறுகிறது? முரடன் என்று முடிவு கட்டுதல் எளிது. ஆசிரியப் பணியில் இருந்தோர் அவ்வளவு விரைவில் முடிவு கட்டலாகாது.

முதலில் அத்திட்டு வண்ணம் எதற்காகப் பிறந்தது என்பதை அறிதல் வேண்டும். முற்காலப் படைகள் கண்ணைப் பறிக்கும் நிறங்களை விரும்பின. 1840களின் இறுதியில் பெஷாவர்ப் பகுதியில் ‘கைட்ஸ்’ என்னும் படைப்பிரிவினர் மண்ணிற உடைக்கு மாறினர். ‘காக்கி’ என்ற சொல்லே புழுதியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழியே வந்தது. 1914இல் முதல் உலகப்போர் மூண்டபோதும் பிரெஞ்சு வீரர்கள் செந்நிறக் காற்சட்டையுடன் களம் புகுந்தனர். பகைவர்க்குத் தெளிவான குறியாயினர். மறு ஆண்டே அந்நாட்டுப் படை ஓவியர்களைக் கொண்டு ஒரு தனிப்பிரிவை அமைத்து, பீரங்கிகளையும் காவலிடங்களையும் வண்ணம் பூசி மறைக்கத் தொடங்கியது. பின்னர் அத்திட்டுகள் வீரரின் உடைக்கும் வந்தன. ஆகவே இவ்வண்ணம் வீரத்தைக் காட்டுவதற்காக எழுந்ததன்று; பகைவன் கண்ணில் படாமல் உயிர்தப்புவதற்காக எழுந்தது. காட்டில் மறைவதற்கென்று அமைந்ததை நம் இளைஞன் கடைத்தெருவில் எல்லோரும் தன்னைக் காணவேண்டும் என்று அணிகிறான். அவ்வுடை அவனைப் பற்றிக் கூறும் முதற்செய்தி இதுவே: இவன் யாரையும் அச்சுறுத்த வந்தவன் அல்லன், தன்னை ஒருவரும் பார்க்கவில்லையே என்று வருந்துகின்றவன்.

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையைப் பற்றிப் பலரும் அறிவர். தலைமுறை தலைமுறையாய்ப் படைக்கு ஆட்களை அனுப்பிய ஊர் அது. இத்தகைய ஊர்களில் ஓய்வுபெற்று வந்த பெரியவர்களை நாம் கண்டிருக்கிறோம். வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாய் இருப்பர். கேட்டாலன்றிப் போர்க்கதை சொல்லார்.

பழந்தமிழ் நாட்டிலும் வீரத்திற்கு அடையாளம் உண்டு. ஆநிரை கவரச் செல்வோன் வெட்சி சூடினான்; களத்தில் பொருவோன் தும்பை சூடினான்; வென்றவன் வாகை சூடினான். ஒவ்வொரு பூவும் ஒரு செயலோடு பிணைந்தது. செயலின்றிச் சூடியவனை ஊரார் நகைத்திருப்பர். தவிர, பூ மாலையில் வாடிவிடும். அச்செழுத்து ஐம்பது முறை துவைத்தாலும் போகாது.

நம் சமயத்திலேயே பெரும்படைத்தலைவர் ஒருவர் வாழ்ந்தார். கங்க மன்னரின் அமைச்சரும் தளபதியுமான சாவுண்டராயர் சமரதுரந்தரன், வீரமார்த்தாண்டன், ரணரங்கசிங்கன் முதலிய பட்டங்கள் பெற்றவர். அவை போர்க்களச் செயல்களுக்காகப் பிறர் அளித்தவை. அவரே தமக்கு எழுதிக்கொண்டவை அல்ல. அவர் கி.பி. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிரவணபெளகொளத்தில் நிறுவிய திருவுருவம் ஏறத்தாழ 57 அடி உயரமுடையது. அது யாருடையது? படைகள் மடியவேண்டா என்று தமையன் பரதரோடு தாமே கண்ணாலும் நீராலும் மல்லாலும் பொருது, மூன்றிலும் வென்று, வென்ற நாட்டை அக்கணமே துறந்த பாகுபலியினுடையது. வாளேந்திய தளபதி தேர்ந்தெடுத்த வீரனின் மேனியில் வாளும் இல்லை, நூலிழையும் இல்லை. கொடி மட்டும் படர்ந்திருக்கிறது. ஜினன் என்றால் வென்றவன், மகாவீரர் என்றால் பெருவீரர் என்று நாள்தோறும் சொல்லும் நாம், அவ்வெற்றி எதன்மீது கொண்டதென்பதைப் பிள்ளைகட்கு விளக்கிக் கூறியதுண்டா?

ஒரு சிற்றூர் ஜினாலயத் திருவிழாவில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்டோம். பொழுது சாயுமுன் உண்பவன். வடிகட்டாத நீரைத் தொடாதவன். பிரகாரத்தில் எறும்புச்சாரையைக் கண்டு விலகி நடந்தான். அவன் சட்டையில் ‘கொல்லவே பிறந்தவன்’ என்று பொருள்தரும் ஆங்கிலத் தொடர் பெரிய எழுத்தில் இருந்தது. “கண்ணு, இதைக் கொஞ்சம் படி” என்றோம். தடையின்றிப் படித்தான். “தமிழில் சொல்” என்றோம். ஒவ்வொரு சொல்லாய்ப் பொருள் கூட்டியவன் பாதியில் நின்றான். இரு கைகளையும் மார்பின்மேல் குறுக்கே கட்டிக்கொண்டான். “தள்ளுபடியில் எடுத்தது டீச்சர், நிறத்தை மட்டும்தான் பார்த்தேன்” என்றார் அவன் தாயார். இங்கே ஆடை அச்சிறுவனைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. விற்றவரையும், படிக்காமல் வாங்கிய நம்மையும் பற்றியே கூறியது.

பதினைந்து, பதினாறு வயதினர் நிலை வேறு. அவர்கள் படித்துப் பொருளறிந்தே வாங்குகின்றனர். ஸ்டான்லி ஹால் என்னும் அமெரிக்க உளவியலார் 1904இல் வெளியிட்ட நூலில் குமரப் பருவத்தைப் புயலும் கொந்தளிப்பும் நிறைந்ததென்றார். எல்லாப் பிள்ளைகட்கும் அது பொருந்தாதென்று பின்வந்தோர் திருத்தினர். ஆயினும் குரல் உடைந்து, கைகால் நீண்டு, கூட்டத்தில் நகைக்கப்படுவோமோ என்று ஒருவன் அஞ்சும் காலம் அதுதான். அஞ்சாதவன் ‘அஞ்சேன்’ என்று மார்பில் எழுதிக்கொள்வானோ? சினத்தை முன்கூட்டியே விளம்பரம் செய்பவன் பெரும்பாலும் அடி வாங்கியவனாகவோ, வாங்குவோம் என்று எதிர்பார்ப்பவனாகவோ இருப்பதைப் பல வகுப்புகளில் கண்டோம்.

ஆனால் இதனைத் தீங்கற்ற விளையாட்டென்று விட்டுவிடவும் இயலாது. நற்காட்சியைக் கெடுக்கும் எண்வகைச் செருக்குகளில் வலிமைச் செருக்கு ஒன்று, உடற்செருக்கு மற்றொன்று. இவை ஒழுக்கத்திற்கு மட்டும் கேடல்ல, காட்சிக்கே கேடு என்று முன்னோர் வைத்தது கருதத்தக்கது. ‘நெருங்கினால் அழிவாய்’ என்று நாள்தோறும் அணிபவன் எதிரே வருவோரையெல்லாம் பகைவராகவே பார்க்கப் பழகுகிறான். கை ஓங்கப்படவில்லை, திரவிய இம்சை நிகழவில்லை. பாவ இம்சைக்கு வித்து மட்டும் ஊன்றப்படுகிறது.

சட்டத்தின் நிலையையும் பெற்றோர் அறிதல் நலம். 2016 சனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியோர் படையுடையில் வந்தனர். அதன்பின் அத்தகைய உடையைப் பொதுமக்கள் அணியவேண்டா, வணிகர் விற்கவேண்டா என்று இராணுவம் கேட்டுக்கொண்டது. 2022 சனவரி 15இல் வெளியிட்ட புதிய உடையின் வடிவமைப்பையும் அது பதிவு செய்துள்ளது. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவு, படைவீரர் அல்லாதார் தம்மைப் படைவீரர் என்று பிறர் நம்பும் நோக்கத்தோடு அவ்வுடை அணிந்தால் மூன்று மாதம் வரை சிறையோ 2000 ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. நோக்கமே இங்குக் குற்றத்தின் உயிர்நிலை. திட்டு வண்ணக் காற்சட்டை அணிந்து மிதிவண்டியில் செல்லும் பிள்ளைக்கு இதனைக் காட்டி அச்சுறுத்துதல் முறையன்று.

வாங்கிய சட்டையை என் செய்வது என்று தாய்மார் கேட்கின்றனர். பறித்துக் கிழிக்க வேண்டா. கிழித்தால் அடுத்ததை நண்பன் வீட்டில் வைத்து அணிவான். எழுத்தை அவனே உரக்கப் படித்துத் தமிழில் பாட்டிக்குச் சொல்லட்டும். சொன்னபின் அணிவதும் விடுவதும் அவன் முடிவாகட்டும். சிறுவர்க்கு எடுப்பதாயின் கடையிலேயே சட்டையை விரித்து முன்னும் பின்னும் படித்துப் பார்க்க. ஆங்கிலம் அறியாதோர் விற்பவரையே கேட்கலாம். பல கடைகளில் அவருக்கும் தெரியாது.