கொலனோஸ்கோப்பிக்காக பீரியட்ஸைத் தள்ளிப்போடணுமா? அக்கா சொல்றதைக் கேளு!

கொலனோஸ்கோப்பிக்கு நாள் குறிச்சாச்சு. காலண்டரைப் பார்த்தா பீரியட்ஸும் அன்னிக்குத்தான். உடனே மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி, "அந்தத் தள்ளிப்போடுற மாத்திரை ஒரு அட்டை கொடுங்க"ன்னு நிக்கப் போறியா? கொஞ்சம் பொறு. கல்யாணம், கிரகப்பிரவேசம்னா இப்படி மாத்திரை போடுறது நம்ம வீடுகள்ல நடக்குறதுதான். ஆனா ஆஸ்பத்திரி ஒண்ணும் கோயில் இல்லம்மா.

1. டெஸ்ட்டுக்காக மட்டும்னா மாத்திரையே வேண்டாம். டாக்டர் குழாய் விட்டுப் பார்க்கப் போறது பெருங்குடலை. அந்த வழி வேற, இந்த வழி வேற. பீரியட்ஸ் நேரத்துலயும் தாராளமா செய்யலாம். உள்ளே போனதும் நர்ஸ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு, போதும். டேம்பானோ கப்போ பழக்கம் இருந்தா வெச்சுக்கலாம். நாப்கின்தான்னா, அடியில ஷீட் விரிச்சுப்பாங்க. அவங்க பார்க்காத ரத்தமா? (மலத்துல ரத்தம் இருக்கான்னு டப்பாவுல சாம்பிள் கேக்குற டெஸ்ட்டைத்தான் பீரியட்ஸ்ல கொடுக்கக் கூடாது. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்காதே.)

2. வீட்டு விசேஷத்துக்காக ஏற்கெனவே மாத்திரை ஆரம்பிச்சுட்டியா? பெரும்பாலும் அது நோரெத்திஸ்டிரோன் 5 மி.கி.யா இருக்கும். பீரியட்ஸ் தேதிக்கு 3 நாள் முன்னாடி ஆரம்பிச்சு, தினம் 3 வேளை. இங்கதான் சிக்கல். வயித்தைச் சுத்தம் பண்ண பேதி மருந்து குடிக்கணுமில்லையா? குடிக்க ஆரம்பிக்குறதுக்கு முந்தின ஒரு மணி நேரத்துக்குள்ள முழுங்கின மாத்திரை, உடம்புல சேராமலே அடிச்சுக்கிட்டு வெளியே போயிடலாம். அதனால எந்த வேளை மாத்திரையை எத்தனை மணிக்குப் போடணும்னு டாக்டர்கிட்ட கேட்டு, பேதி மருந்து பாக்கெட் மேலயே எழுதி வை. "ஒரு வேளை போச்சே"ன்னு நீயா ரெண்டு மாத்திரையைச் சேர்த்துப் போடாதே. கொஞ்சம் கறை பட்டாலும் பதறாதே. பையில ரெண்டு நாப்கின் இருக்கட்டும்.

3. இந்த மாத்திரை கர்ப்பத்தைத் தடுக்காது. நிறைய பேர் தடுக்கும்னு நம்பிக்கிட்டு இருக்காங்க. சரி, கர்ப்பத்தடை மாத்திரையையே இடைவெளி விடாம போட்டுத் தேதியைத் தள்ளுறவளா நீ? பேதி கடுமையா 24 மணி நேரத்தைத் தாண்டிப் போனா, மாத்திரை தவறின கணக்குதான். அடுத்து மாத்திரை ஒழுங்கா 7 நாள் ஓடுற வரைக்கும் காண்டம் வேணும்.

4. "கடைசியா எப்போ பீரியட்ஸ் வந்துச்சு?"ன்னு கேட்டா, தேதியோட மாத்திரை விஷயத்தையும் சேர்த்துச் சொல்லு. மாமியார் பக்கத்துல நின்னாலும் சொல்லு. மயக்க ஊசி போடப் போறாங்க. கர்ப்பமா இல்லையான்னு அவங்களுக்குத் தெரியணும். கால்ல ரத்தக்கட்டு வந்தவங்க, கண்ணுல மின்னலடிச்சு ஒற்றைத் தலைவலி வர்றவங்க, கல்லீரல் கோளாறு, மார்பகப் புற்றுநோய் உள்ளவங்க, தள்ளிப்போடுற மாத்திரையைக் கடையில தானா வாங்கவே கூடாது. அதுக்கு மேல பேதியில உடம்புத் தண்ணியும் வத்தினா, ரத்தக்கட்டு அபாயம் கூடலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ மூச்சு வாங்கினாலோ, டெஸ்ட்டை விட்டுட்டு எமர்ஜென்சிக்கு ஓடு.

5. பீரியட்ஸ் வரும்போது மட்டும் மலத்துல ரத்தம் வருதா, மோஷன் போக உயிர் போகுதா? இதை டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும். கர்ப்பப்பை உள்வரி மாதிரியான திசு குடல்ல ஒட்டி வளர்றதாலயும் (எண்டோமெட்ரியோசிஸ்) அப்படி வரலாம். அது குடலோட வெளிப்பக்கமா இருந்தா கொலனோஸ்கோப்பியில தெரியாமலும் போகும். நீ வாயைத் திறந்தாத்தான் வேற ஸ்கேன் எழுதுவாங்க.

6. அதிக ரத்தப்போக்குன்னு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுறவங்க, ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தணுமான்னு கேட்டுக்கோ. மலத்தைக் கறுப்பாக்கி, குடல் சுவர்ல ஒட்ட வெச்சிடும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இதையெல்லாம் நீயா நிறுத்தவும் கூடாது, கேக்காம தொடரவும் கூடாது.

7. சாப்பாடு சுருக்கமா: முன்னாடி ரெண்டு மூணு நாள் கீரை, கொய்யா, தக்காளி விதை, முழுப்பயறு வேண்டாம். குழைஞ்ச சாதம், இட்லி போதும். முந்தின நாள் இளநீர், வடிகட்டின தெளிவான ஆப்பிள் ஜூஸ், பால் இல்லாத டீ. பீட்ரூட், மாதுளை, திராட்சை ஜூஸைத் தொடாதே. உள்ளே பார்க்க ரத்தம் மாதிரியே இருக்கும்.

8. பேதி ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே ஆசனவாய்ல வாசலின் தடவிக்கோ. பீரியட்ஸும் சேர்ந்துட்டா, ஒவ்வொரு தடவையும் முன்னாலிருந்து பின்னால கழுவி, ஒத்தித் துடை. தேய்க்காதே. நாப்கின்ல தெறிச்சிருந்தா, "இப்போதானே மாத்தினேன்"னு பார்க்காம வேற மாத்து.

9. துணைக்கு ஆள் இல்லாம போகாதே. மயக்க மருந்து போட்டா 24 மணி நேரம் ஸ்கூட்டி சாவி உனக்குக் கிடையாது.

10. மாத்திரையை நிறுத்தினா பொதுவா 2, 3 நாள்ல பீரியட்ஸ் வந்துடும். வராம இழுத்தா கர்ப்பப் பரிசோதனை பண்ணிடு. கொலனோஸ்கோப்பியில பாலிப் எடுத்திருந்தா, அந்த இடத்துலயும் ரத்தம் கசியலாம், சில சமயம் ரெண்டு வாரம் வரைக்கும். எங்கேயிருந்து வருதுன்னு தெரியலையா? முன்பக்கம் ஒரு டிஷ்யூ, பின்பக்கம் வேற டிஷ்யூன்னு தனித்தனியா ஒத்திப் பாரு. பின்னாலிருந்து கட்டி கட்டியா வந்தா, வயிறு கல்லா இறுகி வலிச்சா, காய்ச்சலோ தலைசுத்தலோ இருந்தா, "பீரியட்ஸ் வலிதான்"னு சுருண்டு படுக்காதே. நடுராத்திரியா இருந்தாலும் யாரையாவது எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கையில எடுத்துக்கோ.